குழூஉக்குறியின் கதை: தந்திக் கம்பி முதல் கணிப்பொறி ஆட்டம் வரை

சொற்கள் உலகில் வழங்கும் முறையை ஆராய்ந்த நம் இலக்கண ஆசிரியர்கள், வழக்கை இயல்பு வழக்கு என்றும் தகுதி வழக்கு என்றும் இரண்டாகப் பகுத்தார்கள். தகுதி வழக்கின் மூன்று பிரிவுகளுள் ஒன்று குழூஉக்குறி. ஒரு பொருளுக்கு உலகம் அறிந்த பெயர் இருக்கவும், ஒரு கூட்டத்தார் அதனை விட்டுத் தமக்குள் மட்டும் விளங்கும் வேறொரு பெயரால் அப்பொருளை வழங்குவது குழூஉக்குறி எனப்படும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலை உரையுடன் கற்றோர் இவ்வெடுத்துக்காட்டுகளை நன்கு அறிவர். மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைக் கைமேல் போர்த்திக்கொண்டு, விரலைப் பற்றி விலை பேசுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அருகில் நிற்பவர் கண் முன்னேதான் பேரம் நடக்கிறது. ஆயினும் அவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

இந்தப் பழைய இலக்கணப் பிரிவை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம் வீடுகளில் பல மொழிகள் புழங்குகின்றன. வீட்டில் தமிழ், கடைவீதியில் இந்தியோ, மராத்தியோ, வங்கமோ, கன்னடமோ, பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம். இவற்றோடு கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் ஆடும் நம் பிள்ளைகள் மற்றொன்றையும் கொண்டு வந்திருக்கிறார்கள். ஜி.ஜி., ஏ.எஃப்.கே., எல்.ஓ.எல்., நூப், நெர்ஃப் என அடுக்கடுக்காக வரும் இச்சொற்கள் எந்த நாட்டு அகராதியிலும் பிறந்தவை அல்ல. இவற்றைக் கேட்கும் பெரியோர் சிலர், 'மொழி கெட்டது' என்று வருந்துகின்றனர். வேறு சிலர், பொருள் விளங்காமையால் அஞ்சுகின்றனர். வருந்துமுன்னும் அஞ்சுமுன்னும் இச்சொற்களின் வரலாற்றை ஒருமுறை அறிந்துகொள்ளுதல் நன்று. அவ்வரலாறு நாம் எண்ணுவதைவிட நீண்டது.

சொற்களை வெட்டிச் சுருக்கும் வேடிக்கை கணிப்பொறியோடு தொடங்கியதன்று. 1839-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து நாளிதழ் ஒன்றில் 'ஓ.கே.' என்னும் இரண்டெழுத்துகள் அச்சாயின. 'எல்லாம் சரி' எனப் பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்னும் ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அப்பிழை எழுத்துகளின் முதலெழுத்துகளை எடுத்ததால் வந்த சுருக்கம் அது. அக்காலத்தில் பாஸ்டன் நகரத்து இளைஞரிடையே இவ்வாறு பிழைபட எழுதிச் சுருக்குவது ஒரு பொழுதுபோக்காக இருந்தது. அவர்கள் புனைந்தவற்றுள் பெரும்பாலானவை மறைந்தன. 'ஓ.கே.' மட்டும் நிலைத்து, இன்று உலகத்து மொழிகள் பலவற்றிலும் புகுந்துவிட்டது. அன்று அந்த நகரத்துப் பெரியோர் அதனைக் கேட்டு முகம் சுளித்திருந்தால் வியப்பில்லை. இன்று நாம் அதனைச் சொல்லாத நாளில்லை.

அடுத்த ஐந்தாண்டில் சுருக்கத்திற்கு ஒரு புதிய தேவை பிறந்தது. 1844-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் நகருக்குத் தந்திச் செய்தி அனுப்பினார். தந்தியின் விலை சொற்கணக்கில் வாங்கப்பட்டது. 1866-ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலடியில் இட்ட கம்பி நிலையாக வேலை செய்யத் தொடங்கியபோது, 20 சொற்கள் கொண்ட செய்திக்குக் கட்டணம் 20 பவுன். சொல் ஒன்றுக்குப் பவுன் ஒன்று என்னும்போது, சொற்செட்டு என்பது நடையழகு அன்று, பிழைப்பு. எனவே வணிகர்கள் குறியீட்டு நூல்களை உண்டாக்கினார்கள். ஒரு நீண்ட வாக்கியத்திற்கு ஒரு சொல் என வகுத்து, இருபுறத்தாரும் ஒரே நூலை வைத்துக்கொண்டு செய்தி பரிமாறினார்கள். செலவு குறைந்தது, கம்பி வழியே செய்தியைக் காணும் ஊழியருக்கு வணிக மறையும் வெளிப்படாதிருந்தது.

செய்தித்தாள்களுக்குத் தந்தி அனுப்பியோரும் தமக்கெனச் சுருக்கங்களை வகுத்தனர். 1879-ஆம் ஆண்டு வால்டர் பிலிப்ஸ் என்பவர் வெளியிட்ட தொகுப்பு அவற்றுள் புகழ்பெற்றது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரைப் 'போட்டஸ்' என்றும், அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தைச் 'ஸ்கோட்டஸ்' என்றும் இன்றைய செய்தியாளர் குறிப்பது இத்தந்தி மரபின் எச்சமே. தந்தி இயக்குபவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள எண்களையும் பயன்படுத்தினர். 73 என்றால் நல்வாழ்த்து. 88 என்றால் அன்பும் முத்தமும். 30 என்றால் செய்தி முடிந்தது. கம்பியில்லாத் தந்தி வந்தபோது, கப்பல்களுக்காகக் 'க்யூ' என்னும் எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகள் வகுக்கப்பட்டு, 1912-ஆம் ஆண்டு இலண்டன் மாநாட்டில் பல நாடுகளுக்கும் பொதுவாக ஏற்கப்பட்டன. மொழி அறியாத இரு கப்பல்கள் நடுக்கடலில் ஒன்றையொன்று வினவவும் விடையிறுக்கவும் அவை உதவின.

குறி சுருங்கச் சுருங்கப் பிழையின் விலை பெருகும் என்பதற்கு ஒரு வழக்கு சான்றாக உள்ளது. 1887-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிலடெல்பியா நகரத்துக் கம்பளி வணிகரான பிரிம்ரோஸ் என்பவர், கான்சாஸ் மாநிலத்திலிருந்த தம் முகவருக்குக் குறியீட்டுத் தந்தி ஒன்று கொடுத்தார். அதில் 'பே' என்னும் சொல், 'நான் வாங்கிவிட்டேன்' என்னும் பொருளுடையது. தந்திக் குறியில் ஆங்கில முதலெழுத்தாகிய 'ஏ' என்பது ஒரு புள்ளியும் ஒரு கோடும். 'யு' என்பது இரு புள்ளியும் ஒரு கோடும். வழியில் எங்கோ ஒரு புள்ளி மிகுந்தது. 'பே' என்பது 'வாங்கு' எனப் பொருள்படும் 'பை' என்னும் சொல்லாகிவிட்டது. முகவர் ஏறத்தாழ 3,00,000 இராத்தல் கம்பளியை வாங்கிக் குவித்தார். வணிகருக்கு 20,000 டாலருக்கு மேல் இழப்பு. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1894-ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு, தந்திக்குக் கொடுத்த கட்டணமாகிய 1 டாலர் 15 சென்ட் மட்டுமே அவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்றது. செய்தியின் பொருள் அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் மட்டும் தெரிந்ததாயின், இடையில் நின்றவர் பிழையை உணரவும் வழியில்லை. இழப்பின் அளவை அறியவும் வழியில்லை. குழூஉக்குறியின் வசதியும் அபாயமும் இவ்வொரு வழக்கிலேயே அடங்கியுள்ளன.

இந்தியாவில் தந்தி 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் விடைபெற்றது. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அதன் நினைவு எளிதில் மறையாது. பண்டிகை வாழ்த்துக்கும் திருமண வாழ்த்துக்கும் தேர்வு வெற்றிக்கும் அஞ்சல் தந்தித் துறை ஆயத்த வாக்கியங்களை எண்ணிட்டு வைத்திருந்தது. அனுப்புபவர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால், ஊரில் உள்ளவர் கையில் முழு வாழ்த்தும் சேரும். அதுபோலவே 'உடனே புறப்படு' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வந்த இரண்டு சொற்கள், அதற்குமேல் ஒன்றும் சொல்லாமலே, ஒரு குடும்பத்தை அன்றிரவே இரயில் நிலையத்திற்கு அனுப்பும் ஆற்றல் பெற்றிருந்தன. ஆகவே சுருக்கத்தைப் படித்து விரித்துப் பொருள் காணும் பழக்கம் நமக்குப் புதியதன்று. நம் பெற்றோரும் பாட்டனாரும் அதில் தேர்ந்தவர்கள். அவர்களுக்கும் முன்னே, நாள், மாதம், ஆண்டு, வரவு, பற்று, மேற்படி என்பவற்றிற்குத் தனித்தனி ஒற்றைக் குறிகளை இட்டுக் கணக்கெழுதிய தமிழ்க் கணக்கர்கள் இருந்தனர். தஞ்சாவூர் தஞ்சையானதும் கோயம்புத்தூர் கோவையானதும் நாவின் சுருக்கம். இலக்கணம் அவற்றை வழு என்று தள்ளாமல், மரூஉ எனப் பெயரிட்டு இயல்பு வழக்கிலேயே இடம் கொடுத்தது.

இனிக் கணிப்பொறியின் காலத்திற்கு வருவோம். அதற்கு முன் ஒரு செய்தி. 'என் கடவுளே' எனப் பொருள்படும் 'ஓ.எம்.ஜி.' என்னும் சுருக்கத்தை இக்காலப் பிள்ளைகளின் படைப்பு என்று பலரும் எண்ணுகின்றனர். 1917-ஆம் ஆண்டு செப்டம்பரில், 76 வயதான பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஃபிஷர் பிரபு, வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அச்சுருக்கத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2011-ஆம் ஆண்டு அச்சொல்லை ஏற்றபோது இக்கடிதத்தையே பழைய சான்றாகக் காட்டியது.

பல்கலைக்கழகங்களில் கணிப்பொறிகள் பெருகியபோது, அவற்றின் முன் இரவு பகலாக அமர்ந்தோரிடையே ஒரு தனி வழக்கு வளர்ந்தது. 1975-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரஃபேல் ஃபிங்கல் என்பவர் அச்சொற்களைத் தொகுக்கத் தொடங்கினார். அத்தொகுப்பு 1983-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ஆம் ஆண்டு ராய் டிரப்ஷா என்னும் மாணவர், பலர் ஒரே காலத்தில் கூடி ஆடும் ஆட்டம் ஒன்றை எழுதத் தொடங்கினார். ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தார். அதில் படம் இல்லை, எல்லாம் எழுத்தே. 'வடக்கே ஒரு குகை உள்ளது' என்று திரையில் தோன்றும். ஆடுபவர் 'வடக்கே செல்' என்று தட்ட வேண்டும். அவ்வாட்டத்தில் தாமே நடமாடும் உயிர்களை 'மொபைல்' என்றனர். அது சுருங்கி 'மாப்' ஆயிற்று. இன்று படமும் ஒலியும் நிறைந்த ஆட்டங்களில் எதிர்ப்படும் அரக்கர்களை நம் பிள்ளைகள் 'மாப்' என்று சொல்லும்போது, அந்த எழுத்தாட்டத்தின் சொல்லையே சொல்கின்றனர்.

எழுத்து மட்டும் உள்ள இடத்தில் குரலின் ஏற்றத்தாழ்வும் முகத்தின் குறிப்பும் இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி அறிவிப்புப் பலகையில், வேடிக்கையாக எழுதியதை மெய்யென்று நம்பிக் குழப்பம் விளைந்தது. அதனைத் தீர்க்க, 1982-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் ஸ்காட் ஃபால்மன் ஒரு வழி கூறினார். முக்காற்புள்ளி, சிறு கோடு, பிறை அடைப்பு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கும் முகம் தெரியும். வேடிக்கைச் செய்திக்கு அதனை இடுக என்றார். சோம்பலினால் பிறந்த குறி அன்று இது. தவறாகப் பொருள்கொள்ளும் துன்பத்தைத் தடுக்கப் பிறந்தது.

அதே காலத்தில், தொலைபேசிக் கம்பி வழியே வீட்டுக் கணிப்பொறிகளை இணைத்துப் பேசும் கூடங்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெருகின. தொலைவூர்த் தொடர்புக்கு நிமிடக் கணக்கில் கட்டணம். எனவே தந்திக் காலத்துச் சிக்கனம் மீண்டும் வந்தது. 'உரக்கச் சிரிக்கிறேன்' எனப் பொருள்படும் 'எல்.ஓ.எல்.' என்பது 1989-ஆம் ஆண்டு மே மாதத்தில், அத்தகைய கூடங்களின் செய்தி மடல் ஒன்றில் வெளியான சுருக்கப் பட்டியலில் காணப்படுகிறது. 1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் அமைத்த அரட்டைக் கூடமுறை, நாடு கடந்து பலர் உடனுக்குடன் எழுதிப் பேச வழி செய்தது. 'இருக்கையில் இல்லை' என்பதற்கு ஏ.எஃப்.கே., 'இதோ வருகிறேன்' என்பதற்கு பி.ஆர்.பி. என்பவை இத்தகைய கூடங்களில் வேரூன்றின.

இக்கூடங்களிலேயே சுருக்கத்தின் மற்றொரு பயனும் தலைகாட்டியது. உயர்நிலை உறுப்பினர் 'எலைட்' எனப்பட்டனர். மறைவான பகுதிகள் அவர்களுக்கே திறந்தன. அச்சொல்லைச் சிதைத்து 'லீட்' என்றனர். பின் எழுத்துகளுக்குப் பதிலாக வடிவொத்த எண்களை இட்டு 1337 என்று எழுதினர். இதனால் எழுத்தின் எண்ணிக்கை குறையவில்லை, நேரமும் மிஞ்சவில்லை. சில சொற்களைத் தேடித் தடுக்கும் கண்காணிப்பை ஏமாற்றுவதும், 'நாங்கள் உள்ளிருப்போர்' என்று காட்டுவதுமே நோக்கம். பொற்கொல்லரின் 'பறி' இங்கே எண்ணுருவில் நிற்கிறது.

உள்ளிருப்போர் என்று ஒரு கூட்டம் அமைந்தவுடனே, வெளியிலிருந்து வருவோர் என்று மற்றொரு கூட்டமும் அமைந்துவிடுகிறது. யூஸ்நெட் என்னும் கணிப்பொறி உரையாடல் வலையில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதம் ஒரு சிறு கலக்கம் நேரும். பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் வந்து, முறை தெரியாமல் பேசுவார்கள், பழையவர்கள் திருத்துவார்கள், ஓரிரு மாதங்களில் புதியவர்கள் பழகிவிடுவார்கள். 1993, 1994-ஆம் ஆண்டுகளில் வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் அனைவருக்கும் அவ்வலையைத் திறந்துவிட்டன. புதியவர் வருகை அதன்பின் நிற்கவே இல்லை. கற்பிக்க நேரமின்றிச் சலித்த பழையவர்கள், 'முடிவில்லாத செப்டம்பர்' என்று அக்காலத்திற்குப் பெயரிட்டனர். புதியவனைக் குறிக்கும் 'நியூபி' என்னும் சொல்லும், அதன் சிதைவாகிய 'நூப்' என்பதும் வசையாக மாறிப் பரவிய சூழல் இத்தகையதே.

வேற்று மாநிலத்தில் வாழும் நாம் இச்செய்தியைக் கேட்டு எளிதில் கடந்துபோக முடியாது. புதிய நகரத்தில் பேருந்தின் எண்ணும் கடைக்காரரின் சொல்லும் விளங்காமல் நின்ற நாட்கள் நம்மவர் அனைவருக்கும் உண்டு. தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளியர் என்னும் வேறுபாடு பாராமல் அனைவரையும் 'மதராஸி' என்ற ஒரே சொல்லால் வட நகரங்கள் அழைத்ததையும் நாம் அறிவோம். சிலர் அச்சொல்லை அன்போடு சொன்னார்கள். சிலர் ஏளனமாகச் சொன்னார்கள். சொல் ஒன்றே, சொன்னவர் உள்ளமே வேறு. அருகில் அமர்த்தி, 'இதற்கு இது பொருள்' என்று சொல்லித்தந்த அண்டை வீட்டாரையும் நாம் மறந்திலோம்.

ஆட்டக் களத்துச் சொற்களின் பிறப்பிடங்கள் பலவாறானவை. 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான 'டூம்' என்னும் ஆட்டத்தில், எதிரியை வீழ்த்திய எண்ணிக்கைக்கு 'ஃபிராக்' என்று பெயர். வியட்நாம் போரில் அமெரிக்கப் படைவீரர் சிலர், தம் அதிகாரிகளையே சிதறு குண்டு எறிந்து கொன்ற கொடுஞ்செயலுக்கு வழங்கிய சொல் அது. விளையாட்டாக அதனைச் சொல்லும் சிறுவனுக்கு இவ்வரலாறு தெரியாது. இதற்கு மாறாக, 'நெர்ஃப்' என்பதன் தோற்றம் மென்மையானது. 1970-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மெத்தென்ற பந்தின் பெயர் அது. 1997-ஆம் ஆண்டு வெளியான 'அல்டிமா ஆன்லைன்' ஆட்டத்தில், வாளின் வலிமையை ஆட்டத்தை ஆக்கியோர் குறைத்தபோது, 'மெத்தைப் பந்தால் அடிப்பது போலாயிற்று' என்னும் கருத்தில் ஆடுவோர் அச்சொல்லை வழங்கினர். வெற்றிகொள்வதைக் குறிக்கும் 'ஓன்' என்னும் சொல், விசைப்பலகையில் அடுத்தடுத்துள்ள இரண்டெழுத்துகள் மாறி அழுந்தியதால் 'போன்' ஆயிற்று என்பது பலரும் கூறும் காரணம். பிழையே பின்னர் முறையாயிற்று. பாஸ்டன் நகரத்து 'ஓ.கே.' போலவே.

'ஜி.ஜி.' என்பதன் கதை இவற்றுள் சிறப்பானது. 'நல்ல ஆட்டம்' என்பது அதன் பொருள். 1998-ஆம் ஆண்டு வெளியான 'ஸ்டார்கிராஃப்ட்' தென் கொரியாவில் பெரும் போட்டி ஆட்டமாக வளர்ந்தபோது, தோற்பவர் இவ்விரண்டெழுத்தைத் தட்டிவிட்டுக் களத்தைவிட்டு நீங்குவது மரபாயிற்று. தோல்வியை ஒப்புக்கொண்டு, எதிரியின் திறமையை மதித்து, கைகுலுக்கிப் பிரியும் பண்பு அது. ஆனால் ஆட்டம் முடியுமுன்னே வெல்பவர் அதனைச் சொன்னால் இகழ்ச்சி. 'எளிது' என்னும் பொருளுள்ள இரண்டெழுத்தைப் பின்னே சேர்த்துச் சொன்னால் அவமதிப்பு. 2016-ஆம் ஆண்டு வெளியான 'ஓவர்வாட்ச்' ஆட்டத்தில் இவ்வவமதிப்பைத் தட்டினால், திரையில் அதற்குப் பதிலாகத் தட்டியவரையே நகைப்புக்குள்ளாக்கும் குழந்தைத்தனமான வாக்கியம் தோன்றும்படி ஆக்கியோர் அமைத்தனர். எழுத்து இரண்டேயாயினும், யார், யாரிடம், எப்போது சொன்னார் என்பதைப் பொறுத்து வணக்கமாகவும் வசையாகவும் அது நிற்கிறது.

இந்தியாவிற்கு இவ்வழக்கு பெருமளவில் கைப்பேசி வழியே வந்தது. 1992-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் பிரிட்டனில் முதல் குறுஞ்செய்தி சென்றது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தாயின் 160 இடம் உண்டு. தமிழ் முதலிய எழுத்துகளாயின் 70 மட்டுமே. அதிலும் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உயிர்மெய்க் குறிக்கும் தனி இடம் வேண்டும். 'வணக்கம்' என்னும் ஐந்தெழுத்துச் சொல் ஏழிடம் கொள்ளும். செய்திக்குக் காசு கொடுத்த காலத்தில், தமிழை ஆங்கில எழுத்திலே எழுதும் பழக்கம் வேரூன்றியதற்கு இக்கணக்கும் ஒரு காரணம். தமிழ்ப்பற்றுக் குறைவு என்று மட்டும் அதனைக் கொள்வது முறையன்று. 2016-ஆம் ஆண்டுக்குப் பின் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. 2018-ஆம் ஆண்டு கைப்பேசிக்கு வந்த 'பப்ஜி' ஆட்டம் இந்திய இளைஞரிடையே விரைந்து பரவி, 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டே வேறு பெயரில் அதன் இந்திய வடிவம் வந்தது. ஆட்டம் நின்ற காலத்திலும் அதனால் பரவிய சொற்கள் நிற்கவில்லை.

இவ்வழக்கு ஆங்கிலத்திற்கே உரியது என்று கருத வேண்டா. தாய்லாந்து மொழியில் ஐந்து என்னும் எண்ணின் ஒலி 'ஹா'. ஆதலின் அந்நாட்டவர் 555 என்று எழுதிச் சிரிக்கின்றனர். ஜப்பானியர் சிரிப்பைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தை ஆங்கிலத்தில் அடுக்கி எழுத, அவ்வரிசை புல்தரைபோல் தோன்றியது. எனவே 'புல்' என்னும் சொல்லே சிரிப்பைக் குறிக்கலாயிற்று. சீனத்தில் 666 என்பது ஆட்டத் திறமைக்குப் பாராட்டு. அங்கே 88 என்பது, ஒலியொப்புமையால் விடைபெறும் சொல். தந்தி இயக்குநரின் 88 முத்தத்தைக் குறித்தது. எண் ஒன்றாயினும் கூட்டம் மாறப் பொருள் மாறுகிறது.

பொருள் மாறுவதை அறியாமல் இடர்ப்பட்டோர் எளியவர் மட்டும் அல்லர். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டேவிட் கேமரன், 'எல்.ஓ.எல்.' என்பது 'மிகுந்த அன்புடன்' எனப் பொருள்படும் என்று கருதித் தம் குறுஞ்செய்திகளை அச்சுருக்கத்துடன் முடித்தார் என்பது, 2012-ஆம் ஆண்டு அந்நாட்டில் நடந்த விசாரணை ஒன்றில் சாட்சியமாக வெளிவந்தது. துயரச் செய்திக்கு விடையாக ஒருவர் அவ்வாறு எழுதினால் விளைவு என்னாகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதனினும் கவலைக்குரிய பக்கம் ஒன்று உண்டு. பழைய அரட்டைக் கூடங்களில் தோன்றிய 'ஏ.எஸ்.எல்.' என்னும் மூன்றெழுத்து, வயது, பால், இருப்பிடம் ஆகிய மூன்றையும் ஒரே வினாவில் கேட்பது. தெருவில் முன்பின் அறியாத ஒருவர் நம் குழந்தையிடம் இம்மூன்றையும் கேட்டால், நாம் உடனே அருகில் சென்று நிற்போம். திரையில் மூன்றெழுத்தாகக் கேட்கும்போது நமக்குத் தெரிவதில்லை. 'பெற்றோர் பின்னால் நிற்கிறார்' என்று எச்சரிக்கும் சுருக்கமும் ஆங்கிலத்தில் வழங்குகிறது. அதனைக் கண்டவுடன் குற்றம் சாட்டுவதற்கில்லை. பெரும்பாலான பிள்ளைகள் தோழரோடு பேசும் வேடிக்கையே அது. எனினும் எதனைக் கண்டால் நின்று கவனிக்க வேண்டும் என்பது பொருள் அறிந்தவருக்கே விளங்கும்.

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கது யாது? பட்டியலை மனப்பாடம் செய்வதால் பயன் சிறிதே. இச்சொற்கள் ஆண்டுதோறும் மாறுவன. நாம் கற்று முடிப்பதற்குள் பிள்ளைகள் புதியன புனைந்துவிடுவர். குழூஉக்குறியின் இயல்பே அது. வெளியார் அறிந்தபின் அதன் வேலை முடிந்துவிடுகிறது. பொருளைப் பிள்ளைகளிடமே கேட்பதுதான் நேரிய வழி. 'இச்சொல்லுக்கு என்ன பொருள்? இதனை யார் யாரிடம் சொல்லலாம்? யார் சொன்னால் வருத்தம் தரும்?' என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் ஆர்வத்தோடு விளக்குவார்கள். கற்பிக்கும் பெருமை அவர்களுக்கும் இனியதே. அவ்வாறு பேசத் தொடங்கிய வீட்டில், அயலான் கேட்ட மூன்றெழுத்து வினாவும் மறைவாகத் தங்காமல் தாய் தந்தையர் செவிக்கு வந்துசேர வாய்ப்பு மிகுதி. ஏளனத்தோடு தடுத்த வீட்டில் அவ்வாய்ப்புக் குறைகிறது.

பிள்ளைகளுக்கும் நாம் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. காசை மிச்சப்படுத்தவும், நேரத்தை மிச்சப்படுத்தவும், மறைபொருளைக் காக்கவும், கூடி மகிழவும் மனிதர் காலந்தோறும் சொல்லைச் சுருக்கி வந்துள்ளனர், அதில் இழுக்கில்லை. ஆட்டக் களத்திற்குப் புதிதாக வந்து, குறி தெரியாமல் தடுமாறும் சிறுவனை 'நூப்' என்று இகழ்வதிலேயே இழுக்கு இருக்கிறது. அவனுக்கு ஒரு நிமிடம் செலவிட்டுப் பொருள் சொல்லித்தருவது நம் குடும்பங்களின் வரலாற்றுக்குப் பொருந்திய செயல். வேற்றூரில் வந்திறங்கிய நம் முன்னோர்க்கு யாரோ ஒருவர் அவ்வாறு சொல்லித்தந்ததால்தான், அவர்கள் அங்கே வேரூன்றினார்கள். நாமும் இன்று இங்கே வாழ்கிறோம்.